கொழுந்து மடுவமும் இணையத்தளமும்

காதத்தாலும் கட்டையாலும் தூரத்தை அளந்து பழகியவர்கள் நாம். இணையம் வந்த பின்னர் தூரம் என்ற சொல்லே பொருளிழந்துவிட்டது என்று கூறுவோர் உளர். உலகின் எந்த மூலையில் எழுதப்பட்டதும் மறுகணமே நம் உள்ளங்கைக்குள் வந்துவிடுகிறது என்ற வியப்பின் வெளிப்பாடு அது. வியப்பு நியாயமானதே, கூற்றுத்தான் பிழையானது. அப்பிழையை எனக்கு உணர்த்தியது கணினி நூல் எதுவுமன்று. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்து வாசலில் நின்றுகொண்டு என் தம்பி கேட்ட ஒரு கேள்வியே அதை உணர்த்திற்று.

எங்கள் லயம் பள்ளத்தில் அமைந்தது. முன்னும் பின்னும் தேயிலை மலைகள். லயத்துக்குள் கைத்தொலைபேசி அலை ஒழுங்காக எட்டுவதில்லை. மேட்டிலே, பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தை அடைந்தால்தான் அது கிடைக்கும். 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் நீண்ட காலம் மூடப்பட்டிருந்தபோது, உயர்தர வகுப்பு மாணவனாக இருந்த நான் படித்தது அந்த மடுவத்துத் தாழ்வாரத்திலேதான். 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலே நடைபெற்றது. அதுவரை அத்தாழ்வாரமே எனக்கு வகுப்பறை. பகலில் கூடைகளும் தராசும் நிறைந்திருக்கும் அவ்விடம் மாலையானதும் மாணவர்களால் நிறைந்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னர், அந்த நாள்களின் நினைவினால் உந்தப்பட்டு, நண்பர் ஐவர் சேர்ந்து ஒரு சிறிய இணையத்தளத்தை அமைத்தோம். நால்வர் கலைப்பீடத்தினர், ஒருவர் பொறியியற்பீடத்தினர். உயர்தரக் கலைப்பிரிவுப் பாடங்களின் கடந்தகால வினாத்தாள்கள், நாங்கள் எழுதிய குறிப்புகள், மலையகப் பட்டினங்களில் நடைபெறும் இலவசக் கருத்தரங்குகள் பற்றிய அறிவித்தல்கள் ஆகியனவே அதன் உள்ளடக்கம். வளாகத்திலிருந்து பார்த்தபோது பக்கங்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நம்மால் இயன்றதைச் செய்துவிட்டோம் என்ற மனநிறைவோடு விடுமுறைக்கு வீடு சென்றேன்.

மடுவத்து வாசலில் தம்பி தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். யூடியூபில் திரைப்பாடல் ஒன்று தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு எங்கள் தளத்தைத் திறந்தான். வெள்ளைத் திரை, ஒரு சிறு வட்டம் சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது.

"அண்ணே, பாட்டு வருது. ஒங்க வினாத்தாள் மட்டும் வரலயே, ஏன்?"

அலை நலிந்த இடம் என்று பதில் கூறித் தப்பிக்க முடியவில்லை. பாட்டு வந்த அதே அலையிலேதான் வினாத்தாள் வராமற் போயிற்று. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை. கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். எழுதுவோரும் பதிப்போரும் ஆகிய நாம் அனைவரும் இன்று ஏதோவொரு வகையில் இணையத்தில் வெளியிடுகின்றோம். வெளியிட்டது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது பொறியியலாளர் மட்டும் கவலைப்படவேண்டிய விடயமன்று.

விடையின் முதற்பகுதி மிக எளிமையானது. எங்கள் தளத்தின் சேவையகம், குறைந்த கட்டணம் என்பதற்காக நாங்கள் தெரிந்தெடுத்தது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில், வெர்ஜீனியா மாநிலத்தில் இருந்தது. கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. வெற்றிடத்தில் அதற்குள்ள வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. கொழும்பிலிருந்து அக்கரைக்கு நேர்த்தூரமே 14,000 கிலோமீற்றருக்குக் குறையாது. போய்த் திரும்ப 28,000 கிலோமீற்றர். ஒளியே தூது சென்றாலும் விநாடியின் ஏழில் ஒரு பங்கு வழியிலேயே கழிந்துவிடும். கடலடிக் கம்பிகள் நேராகச் செல்வதில்லையாதலால் உண்மையில் அது கால் விநாடியை அண்மித்துவிடும்.

கால் விநாடி ஒரு பொருட்டா எனலாம். அது ஒருமுறை சென்றுவருவதற்கான கணக்கு மட்டுமே. வழக்கமான முறையில், தொடர்பை ஏற்படுத்த ஒருமுறை, இருபுறத்தாரும் இரகசியக் குறியீட்டுக்கு உடன்பட ஒருமுறையோ இருமுறையோ, பக்கத்தைக் கேட்டுப் பெற ஒருமுறை என, முதல் எழுத்துத் தோன்றுவதற்கு முன்னரே மூன்று நான்கு தடவைகள் கடல் கடந்து மீளவேண்டும். அதன் பின்னரே எழுத்துரு, படம் ஆகியவற்றுக்கான பயணங்கள் தொடங்கும். அலை நலிந்த மலைச்சரிவிலோ இன்னொரு தொல்லை உண்டு. இணையத்திலே செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து வருகிறது. வழியில் ஒரு பொதி தொலைந்தால் அதை மறுபடி அனுப்பும்படி சேவையகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். சேவையகம் கொழும்பிலிருந்தால் அது அடுத்த வீட்டாரிடம் கேட்பது போல. வெர்ஜீனியாவில் இருந்தாலோ ஒவ்வொரு தொலைவுக்கும் ஒரு கடற்பயணம். ஆக, மலையின் குறையும் கடலின் தூரமும் ஒன்றையொன்று கூட்டுவனவல்ல, பெருக்குவன.

பாட்டு ஏன் வந்தது? யூடியூபை நடத்தும் கூகுள் நிறுவனம், பலரும் பார்க்கும் காணொளிகளின் பிரதிகளைத் தாங்கிய பெட்டிகளை உலகெங்குமுள்ள இணையச் சேவை நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமும் அவ்வாறே செய்கிறது. பாட்டு பெரும்பாலும் நம் நாட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கும். அன்றியும், பாதை ஒடுங்கும்போது அக்காணொளி தன் தெளிவைக் குறைத்துத் தன்னை மெலியச் செய்துகொள்கிறது. அண்மையில் இருத்தல், மெலிந்து கொடுத்தல் என்னும் இரண்டு உபாயங்களும் எங்கள் வினாத்தாளுக்குக் கிட்டவில்லை.

முதலாவது உபாயத்துக்கே உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்று பெயர். மூலச் சேவையகம் எங்கேனும் இருக்கட்டும். அதிலுள்ளவற்றின் பிரதிகளை உலகின் பல நகரங்களில் உள்ள இடைநிலையங்களில் வைத்திருந்து, கேட்பவருக்கு அண்மையிலுள்ள நிலையத்திலிருந்து கொடுப்பதே அதன் தொழில். பொறியியற்பீட நண்பர் இதை விளக்கியபோது என் நினைவுக்கு வந்தது நாங்கள் நின்ற அந்த மடுவமே. அப்பாயி கொழுந்து பறித்த காலத்தின் தொடக்கத்தில் எங்கள் டிவிசனில் மடுவம் இருக்கவில்லையாம். "கூடையோட ஸ்டோருக்கே நடப்போம். நடந்த நேரத்துக்கு இன்னும் ரெண்டு றாத்தல் பறிச்சிருக்கலாம்" என்பார். தொழிற்சாலை இடம்பெயரவில்லை, மலையும் குறுகவில்லை. இடையிலே ஒரு கொட்டகை எழுந்தது. அங்கே நிறுத்துக் கணக்கெழுதினார்கள். லொறி வந்து ஏற்றிச்சென்றது. அப்பாயியின் நடை அரைவாசியாகக் குறைந்தது. கொழுந்து பலரிடமிருந்து ஓரிடத்துக்குச் செல்கிறது. இணையப் பக்கம் ஓரிடத்திலிருந்து பலரிடம் வருகிறது. திசை வேறாயினும் நியாயம் ஒன்றே.

தமிழ்ப் பத்திரிகை உலகமும் இந்நியாயத்தை நெடுங்காலமாக அறியும். 1942ஆம் ஆண்டு சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி', பின்னர் சென்னை, திருச்சி, சேலம் முதலிய நகரங்களிலும் தனித்தனியே அச்சாகத் தொடங்கியது. ஓரிடத்தில் அச்சிட்டு ஊர்தோறும் சுமப்பதிலும், செய்தியை அனுப்பி அவ்வவ்விடத்தில் அச்சிடுவதே விரைவானது என்பதே அதன் அடிப்படை. இணையத்திலே இதனைக் கணித முறையாக வகுத்தோர் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினர். உலகளாவிய வலையைத் தோற்றுவித்த டிம் பேர்ணர்ஸ்-லீ, வலையில் ஏற்படவிருந்த நெரிசலைப் பற்றி 1995ஆம் ஆண்டளவில் அங்கிருந்த தம் சகாக்களிடம் எடுத்துரைத்தார். கணிதப் பேராசிரியர் டொம் லெய்ற்றனும் அவர்தம் மாணவர் டானியல் லூவினும் அச்சிக்கலை ஆராய்ந்து, எந்தப் பிரதி எந்தக் கணினியில் இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் முறையை வகுத்தனர். 1998இல் அக்கமாய் நிறுவனத்தை அமைத்தனர். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு அறிவுக்கூர்மை என்பது பொருள். 2001 செப்ரெம்பர் 11ஆம் திகதி நியூயோர்க்கின் வணிகக் கோபுரத்தில் முதலில் மோதிய விமானத்தில் லூவின் இருந்தார். அன்று உலகமே செய்தித் தளங்களை நாடி அலைமோதியபோது அவற்றைத் தாங்கி நிறுத்தியவற்றுள் அவர் கண்ட முறையும் ஒன்று. அவருக்கு அப்போது வயது 31.

இன்று இத்தொழிலில் அக்கமாயுடன் கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ற்லி, அமேசனின் கிளவுட்ஃபிரண்ட் எனப் பல நிறுவனங்கள் உள. கட்டணமின்றிச் சேவை பெறும் வழிகளும் உண்டு. விடுமுறை முடிந்து திரும்பிய நாங்கள் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க முற்பட்டோம். எவ்வாறு தெரிந்தெடுத்தோம் என்பதே சொல்லத்தக்கது. நிறுவனங்கள் வெளியிட்டிருந்த உலகப் படங்களைப் பரப்பி வைத்து, எந்தப் படத்தில் புள்ளிகள் மிகுதி என்று எண்ணினோம். கொழும்பிலே புள்ளி வைத்திருந்த ஒன்றைத் தெரிந்து, எங்கள் தளத்தை அதனோடு இணைத்து, வளாகத்தில் அமர்ந்து சோதித்து, வேகம் கூடிற்று என்று மகிழ்ந்தோம். வளாகத்தின் இணைப்பு பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் வழியே செல்வது. தம்பியின் இணைப்போ கைத்தொலைபேசி நிறுவனமொன்றினுடையது. நோயாளியை விட்டுவிட்டு நலமாயிருப்பவன் நாடியைப் பார்த்த கதை அது.

அடுத்த விடுமுறையில் மடுவத்தில் நின்று சோதித்தேன். இந்நிறுவனங்கள் பல, பக்கத்தை அனுப்பும்போது அது எந்த நிலையத்திலிருந்து வந்தது என்பதை விமான நிலையங்களுக்குரிய மூன்றெழுத்துக் குறியீட்டால் மறைவாக எழுதிவிடுகின்றன. உலாவியின் உள்ளே நோக்கினால் அதனைக் காணலாம். கொழும்பின் குறியீட்டை எதிர்பார்த்த நான் கண்டது சிங்கப்பூரின் குறியீடு. கொழும்பில் நிலையம் இருந்தும், எங்கள் மலையிலிருந்து எழுந்த கோரிக்கை அதைக் கடந்து கடல் தாண்டிச் சென்றுகொண்டிருந்தது.

காரணம் இதுவே. இணையத்தின் பாதைகள் தேசப்படத்தின் பாதைகளல்ல. ஒரே முகவரியைப் பல நகரங்களிலுள்ள நிலையங்கள் அறிவிக்கின்றன. எந்த நிலையத்துக்குச் செல்வது என்பதை வலையமைப்புகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள் தீர்மானிக்கின்றன. உடன்பாடு இல்லாத இரு வலையமைப்புகள் ஒரே நகரத்தில் அடுத்தடுத்து இருந்தாலும் அவற்றினிடையே செல்லும் பொதி வெளிநாடு சென்று மீள நேரலாம். எங்கள் ஊரில் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று. மலை முகட்டின் மறுபுறத்துத் தோட்டத்தில் வாழும் அத்தைக்கு நாங்கள் எழுதிய கடிதம், கூப்பிட்டால் கேட்கும் தூரமாயினும், பட்டினத்துக்கு இறங்கி, அஞ்சலகத்தில் முத்திரை குத்தப்பட்டு, வேறொரு பஸ்ஸில் ஏறித்தான் அவரை அடைந்தது. அண்மை என்பது பாதையைப் பொறுத்தது.

ஆகவே, நிலையங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வலையமைப்பைத் தெரிதல் தவறு. நம் வாசகர் யார், அவர் எங்கு நிற்கிறார், எந்த நிறுவனத்தின் அலையைப் பயன்படுத்துகிறார் என்பவற்றை முதலில் அறியவேண்டும். அவர் நிற்கும் இடத்திலே, அவர் கையிலுள்ள கருவியிலே, அவர் படிக்கும் மாலை வேளையிலே அளந்து பார்க்கவேண்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நானுஓயா ஆகிய இடங்களிலுள்ள எட்டுப் பேரைக் கொண்டு மூன்று வலையமைப்புகளை ஒரு வாரம் மாறி மாறிச் சோதித்தோம். இறுதியில் நாங்கள் தெரிந்தது உலகப் படத்தில் மிகக் குறைந்த புள்ளிகளைக் கொண்டிருந்த ஒன்றையே. அது எட்டுப் பேரில் அறுவருக்கு நம் நாட்டுக்குள்ளிருந்தே பக்கத்தைக் கொடுத்தது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இதனை நான் எழுதியிருக்கமாட்டேன்.

ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புவியியற் கருத்தரங்கு ஒன்று நடைபெறவிருந்தது. வெள்ளிக்கிழமை கடும் மழை, மண்சரிவு எச்சரிக்கை. ஒழுங்கமைத்தவர்கள் அதை அடுத்த ஞாயிறுக்குப் பின்போட்டார்கள். எனக்குத் தகவல் கிடைத்ததும் மூலச் சேவையகத்தில் திகதியை மாற்றினேன். வளாகத்திலிருந்து பார்த்தேன், புதிய திகதி தெரிந்தது. கடமை முடிந்தது என்று உறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு மாணவி மழையில் நனைந்து, இரண்டு பஸ் மாறி ஹட்டனுக்கு வந்து, பூட்டிய வாயிலின் முன்னே நின்றிருக்கிறாள். பஸ் கட்டணத்துக்காகத் தாயார் அயல் வீட்டில் கைமாற்று வாங்கியிருந்தாராம். தளத்திலிருந்த இலக்கத்துக்கு அவள் அழைத்தபோது பேசியவன் நானே.

"அண்ணா, நான் ராத்திரியும் பார்த்தேனே. இன்னைக்குன்னுதான் போட்டிருந்திச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. பக்கங்கள் விரைவாக வரவேண்டும் என்ற ஆசையினால், இடைநிலையத்துப் பிரதிகளுக்கு ஏழு நாள் ஆயுட்காலம் விதித்திருந்தோம். ஏழு நாள் முடியும்வரை நிலையம் மூலத்தைத் திரும்பிப் பாராது. ஒவ்வொரு நிலையமும் தன்னிடமுள்ள பிரதிக்குத் தனித்தனியே நாள் எண்ணும். வளாகத்துக்குக் கொடுத்த நிலையத்தில் பழைய பிரதியின் ஆயுள் முடிந்திருந்தது; அவளுக்குக் கொடுத்த நிலையத்தில் முடியவில்லை. இருவரும் ஒரே முகவரியைத் திறந்தோம். இருவேறு திகதிகளைப் படித்தோம். மாற்றம் செய்தவுடன் பிரதிகளைக் களையும்படி எல்லா நிலையங்களுக்கும் கட்டளையிடும் வசதி இருந்தது. அதை நாங்கள் பயன்படுத்தவில்லை. குற்றம் வலையமைப்பினுடையதன்று; எங்களுடையது.

தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இச்சிக்கல் புதியதாகத் தோன்றியிருக்கக் கூடாது. ஏட்டுச்சுவடி நம்மிடம் வந்த வரலாறே பிரதிகளின் வரலாறு. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோதும், உ. வே. சாமிநாதையர் அதே ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோதும், ஊரூராகத் தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களோடு போராடினார்கள். யாழ்ப்பாணத்து ஏட்டில் ஒரு பாடம், தஞ்சைப் பகுதி ஏட்டில் வேறொரு பாடம். பிரதி பல்கும்போது நூல் பலரை அடைகிறது. அதே வேளையில் பிரதிகள் தம்முள் முரண்படவும் தொடங்குகின்றன. பாடபேதம் பற்றி விரிவுரை கேட்டுக் குறிப்பெழுதிய நான், என் கையாலேயே ஒரு பாடபேதத்தை உண்டாக்கி ஒரு மாணவியை மழையில் நிறுத்தினேன்.

அதன் பின்னர் உள்ளடக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். வினாத்தாள், எழுத்துரு, படம் போன்று மாறாதவற்றுக்கு ஓராண்டு ஆயுள் கொடுத்தோம். அவற்றில் திருத்தம் நேர்ந்தால் கோப்பின் பெயரையே மாற்றிவிடுகின்றோம், புதிய பெயருக்குப் பழைய பிரதி இராதாகையால். அறிவித்தல்களை இடைநிலையத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை. மாற்றியவுடன் களையும் கட்டளையும் தானாகவே செல்லும். எந்த வலையமைப்பைத் தெரிந்தாலும், அது எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறது என்பதோடு எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஒரு விநாடிக்குள் உலகெங்கும் பிரதிகளைக் களையவல்லனவும் உள. அதிக நேரம் எடுத்துக்கொள்வனவும் உள.

தெரிவு பற்றிக் கருதத்தக்க வேறு சிலவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். முதலாவது பணம். இச்சேவைகள் பலவற்றின் கட்டணம் டொலரில் அறவிடப்படுகிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியதை அனுபவித்த நாம், பயன்பாட்டுக்கேற்ப வளரும் டொலர்க் கட்டணத்துக்கு உடன்படுமுன் பலமுறை சிந்திக்கவேண்டும். செலவுக்கு உச்சவரம்பு இடமுடியாத சேவையை மாணவர் அமைப்புகள் நாடாதிருத்தல் நன்று. இரண்டாவது இரகசியம். இடைநிலையம் நம் பக்கத்தின் குறியீட்டுப் பூட்டைத் திறந்தே அதைக் கையாள்கிறது. மாணவரின் பெயர், புள்ளிகள், தொலைபேசி இலக்கம் உள்ள பக்கங்கள் பிரதியாகச் சேமிக்கப்படாதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும். மூன்றாவது சார்ந்திருத்தல். 2021 ஜூன் 8ஆம் திகதி ஃபாஸ்ற்லி வலையமைப்பில், வாடிக்கையாளர் ஒருவர் முறைப்படி செய்த ஓர் அமைப்பு மாற்றம் மென்பொருளில் மறைந்திருந்த வழுவொன்றைத் தட்டியெழுப்பிற்று. பிரித்தானிய அரசின் தளமும் 'கார்டியன்', 'நியூயோர்க் ரைம்ஸ்' போன்ற பெரும் பத்திரிகைகளின் தளங்களும் ஒரே நேரத்தில் முடங்கின. ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பகுதி மீண்டதெனினும், பலரும் ஒரே மடுவத்தில் நிறுக்கும்போது அதன் தராசு பழுதடைந்தால் என்ன நேரும் என்பதை உலகம் கண்டது. வேண்டும்போது விலகி வேறொன்றை நாடக்கூடியவாறு தளத்தை அமைத்தல் இதற்கான காப்பு.

நான்காவதொன்று நம்மவர்க்குச் சிறப்பாக உரியது. பிரதி வைத்தல் வேறு, பேணுதல் வேறு. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததன் பின்னர், ஆவணங்களுக்குப் பல பிரதிகள் வேண்டும் என்ற உணர்வு நம்மிடையே ஆழ வேரூன்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் அவ்வுணர்வின் அரிய விளைவு. ஆனால் விநியோக வலையமைப்பிலுள்ள பிரதிகளை அத்தகையனவாகக் கருதிவிடலாகாது. மூலம் அழிந்தால், ஆயுள் முடிந்ததும் அவையும் அழியும். நெடுநாள் எவரும் கேளாத பக்கத்தை இடைநிலையம் அதற்கு முன்னரே அகற்றிவிடவும் கூடும். அவை விரைவுக்கான பிரதிகள், நினைவுக்கானவை அல்ல.

இனி, தம்பியின் கேள்விக்குரிய விடையின் மற்றப் பகுதிக்கு வருகின்றேன். இத்தனையும் செய்த பின்னரும் மடுவத்து வாசலில் எங்கள் வினாத்தாள் தாமதித்தே வந்தது. வலையமைப்பு வெர்ஜீனியாவைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. கொழும்பிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து மலைச்சரிவுக்கும் உள்ள பாதை ஓரங்குலமும் குறையவில்லை. மடுவம் கட்டப்பட்ட பின்னரும் மலையுச்சியிலிருந்து மடுவம்வரை கூடையைச் சுமந்தவை அப்பாயியின் கால்களே அல்லவா? அவ்விடத்தில் உதவக்கூடியது ஒன்றே: சுமையைக் குறைத்தல்.

எங்கள் வினாத்தாள்கள் தாளைப் படம்பிடித்து ஏற்றியவை. எட்டுப் பக்கத் தாள் ஒன்று 12 மெகாபைற். யூனிக்கோட்டின் யூ.ரி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற் போதும். தமிழ் எழுத்துக்கு மூன்று வேண்டும். உயிர்க்குறி தனியே கணக்கிடப்படுவதால் 'கோ' என்னும் ஓரெழுத்துக்கு ஆறு. தமிழுக்கு இது பாரமெனச் சிலர் குறைகூறுவர். எனினும், அதே எட்டுப் பக்கங்களைத் தட்டச்சுச் செய்தபோது 60 கிலோபைற்றே ஆயிற்று. அனுப்புமுன் சுருக்கியபோது அதுவும் பன்மடங்கு குறைந்தது. படத்தோடு ஒப்பிட இருநூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அழகுக்காகச் சேர்த்திருந்த எழுத்துருக்களை அகற்றிக் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே உள்ள எழுத்துருவையே பயன்படுத்தினோம். தட்டச்சு வேலைக்கு எந்த வலையமைப்பும் வேண்டியிருக்கவில்லை. நண்பர்கள் நால்வரும் நானும் ஒரு தவணை முழுவதும் இரவிலே அமர்ந்து 43 வினாத்தாள்களைத் தட்டச்சுச் செய்தோம். தளத்துக்காக நாங்கள் செய்தவற்றுள் பயன் மிக்கது அதுவே.

1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் கணினி வழிக்கு மாறியது. எங்கள் மலையில் விளைந்த தேயிலையை, ஒருவரோடொருவர் நேரிற் சந்திக்காமலே, கணப்பொழுதில் விலைபேசி முடிக்கின்றனர். பாட்டும் படமும் அதே வேகத்தில் மலையேறி வருகின்றன. தூரத்தைப் பணம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு அது குறைந்துவிட்டது. வினாத்தாளுக்கும், நாட்டார் பாடற் தொகுப்புக்கும், நம் சங்கத்தின் பழைய மலர்களுக்கும் அது குறையவில்லை. நாமே குறைத்தாலன்றிக் குறையாது. இம்மலரையும் ஒரு நாள் இணையத்தில் ஏற்றுவோம். அன்று வளாகத்து நூலகத்தில் அமர்ந்து திறந்து பார்த்து நிறைவடையாது, மலையிலே ஒரு மடுவத்து வாசலில் நின்று யாரேனும் ஒருவர் திறந்து பார்த்தல் வேண்டும் என்பதே எனது தாழ்மையான வேண்டுகோள்.

சென்ற விடுமுறையில் தம்பியிடம் கைத்தொலைபேசியைக் கேட்டேன். தரவில்லை. 2019ஆம் ஆண்டு அரசறிவியல் வினாத்தாளைப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கூறினான். எட்டிப் பார்த்தேன், ஐந்தாம் வினாவில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. தட்டச்சுச் செய்தவன் நான்தான். அங்கேயே நின்று திருத்தினேன்; பிரதிகளைக் களையும் கட்டளை தானாகவே சென்றது. மறுபடி திறந்து, திருத்திய பாடம் வந்துவிட்டதை அவன் கைத்தொலைபேசியிலேயே பார்த்த பின்னர்தான் லயத்துக்கு இறங்கினேன்.